இரண்டு இறாத்தல் கழித்து எழுதப்பட்ட என் தம்பி

அனுப்புநர்:
கந்தப்பன் பாக்கியலெட்சுமி (வயது 15),
8ஆம் லயம், 3ஆம் காம்பரா,
மேற்கணக்கு, குயில்பாறைத் தோட்டம்,
நமுனுகுல.

பெறுநர்:
பெரிய துரை (தோட்ட அதிகாரி) அவர்கள்,
குயில்பாறைத் தோட்டம்,
நமுனுகுல.

விடயம்: 1972 நவம்பரில் பிறந்த என் தம்பி செல்லத்துரையின் பிறப்பு நிறையிலிருந்து கழிக்கப்பட்ட இரண்டு இறாத்தலைத் திரும்பச் சேர்த்து, எங்கள் குடும்பத்துக்குத் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியான கீழ்க்கணக்கில் ஒரு காம்பரா வீடு தரும்படி கேட்டல்.

மேன்மைக்குரிய துரை அவர்களுக்கு,

1. முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே கந்தோரில் கண்டுபிடித்துவிடுவார்கள். கடந்த மார்ச் மாதம், விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் மேற்கணக்குப் பெரட்டுக்களத்துப் பலகையில், "நாளை துரையின் பிறந்த நாள், ஆகையால் பெரட்டு இல்லை" என்று சுண்ணக்கட்டியால் எழுதியது நான்தான். மேற்கணக்கு முழுவதும் எட்டு மணி வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. தங்கள் பிறந்த நாள் மார்ச்சில் வருவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் மேல் சந்தேகப்பட்டு என் அப்பாவைத் தோட்டக் கந்தோருக்கு அழைத்து எச்சரித்தார்கள். அப்பாவுக்கு எழுதத் தெரியாது; எச்சரிக்கை வாங்கத்தான் தெரியும். இந்த மனுவில் உள்ளவை அந்தப் பலகையில் இருந்ததைப் போன்றவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் சாட்சி உண்டு.

2. என் அப்பா கந்தப்பன் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் தூளை உலர்த்தும் டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அம்மா ரெங்கம்மா மேற்கணக்கில் கொழுந்து பறிப்பவர். எனக்கு ஒரே தம்பி, பெயர் செல்லத்துரை. இந்தத் தோட்டத்தில் பெரிய துரையும் சின்ன துரையும் இருப்பதால், மூன்றாவதாக ஒரு துரை இருந்தால் யாருக்கும் நட்டமில்லை என்று எண்ணி அந்தப் பெயரை வைத்தார்கள். உருவத்தில் மூவரிலும் அவனே மிகச் சிறியவன்.

3. 1972 நவம்பர் 14ஆம் திகதி, அடைமழையில், ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வலி வந்தது. அப்போது ஏழாம் மாதம்தான். லயத்துக்கு இறக்கிக்கொண்டு வர நேரமில்லாமல், கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குள்ளேயே பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, பகல் பன்னிரண்டு மணியளவில் தம்பி பிறந்தான். பத்தாம் மாதம் வர வேண்டியவன் ஏழாம் மாதமே வந்துவிட்டதால் லயத்துப் பையன்கள் இன்றைக்கும் அவனை 'எக்ஸ்பிரஸ்' என்றே கூப்பிடுகிறார்கள்.

4. செய்தி கேட்டுத் தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்க்கும் மருந்தையா ஓடி வந்தார். பிள்ளையின் நிறையைப் பிறப்பு அட்டையில் எழுத வேண்டும் என்றார். பிள்ளை நிறுக்கும் தராசு கீழ்க்கணக்கில் இருந்தது. கொழுந்துத் தராசோ தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றில் தம்பியைக் கட்டி அந்தக் கொக்கியில் மாட்டினார்கள். அப்போது எங்கள் கணக்கப்பிள்ளையாக இருந்த சிவஞானம் ஐயா முள்ளைப் பார்த்து நிறையைச் சொல்ல, மருந்தையா எழுதிக்கொண்டார். எழுதிய நிறை ஒன்றே முக்கால் இறாத்தல்; ஒரு கிலோகூட வராது.

5. அந்த வாரம் ரோட்டில் மண் சரிந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு லொறி போகவில்லை. ரோட்டைத் திறந்த பிறகும், இந்தக் குளிரில் பிள்ளையை அசைக்க வேண்டாம் என்று மருந்தையா தடுத்துவிட்டார். அப்பா ஒரு தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாளின் மேல் பஞ்சைப் பரப்பி, டிரையர் அறையின் வெதுவெதுப்பில் தம்பியை வைத்தார். இது ஸ்டோர் சட்டத்துக்கு விரோதம் என்பது எங்களுக்குத் தெரியும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அந்த மூன்று வாரமும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கூரையைப் பார்த்தபடியே நடந்தார். அவர் பெயரை நான் எழுதவில்லை. தாங்களும் கேட்க வேண்டாம் என்று தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

6. இருபத்தோராம் நாள் தம்பியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சரியான தராசில் நிறுத்து நான்கு இறாத்தல் என்று அதே அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அட்டையைப் பார்த்த மருத்துவத்தாதி, மூன்று வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் நிறை கூடிய பிள்ளையைத் தான் கண்டதேயில்லை என்று மகிழ்ந்தாராம். அம்மாவும் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சிக்கு நாங்கள் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

7. ஏனென்றால், நிறை குறைந்த பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் தரப்படும் பால்மா, பிறந்த நிறையைப் போல் இரண்டு மடங்கு ஆகும் வரைக்குமே தரப்படும். அட்டைப்படி தம்பி இருபத்தோரு நாளிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். பால்மா நின்றது. நிறையைக் குறைத்து எழுதியதால் குறையே இல்லாத பிள்ளை ஆகிவிட்டான். ஆனால் வீட்டில் இருந்த செல்லத்துரைக்கு அட்டையில் இருந்த செல்லத்துரையின் பலம் இல்லை.

8. அதன் பிறகு அவனை வளர்த்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவனுக்கு உறிஞ்சத் தெரியாது. பாலைப் பஞ்சுத் திரியில் நனைத்து, மணிக்கு ஒரு தடவை, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிள்ளைக் காம்பராவில் இருபது பிள்ளைகளை ஒரே ஆயா பார்க்கிறார். அவர், "ரெங்கம்மா, இது பூவை வளர்க்கிற வேலை, என்னால முடியாது ஆத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆகவே எட்டு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். ஒன்றரை வருடம் நான்தான் திரி பிடித்தேன். அம்மா மலையிலிருந்து அவனைப் பார்க்க ஓடி ஓடி வந்ததில், முழு நாள் சம்பளத்துக்கு முழுப் பேர் விழ வேண்டிய நாட்களிலெல்லாம் அரைச் சம்பளத்துக்கு அரைப் பேரே விழுந்தது. மூக்குத்தி போனது, அது இருந்த இடத்தில் இப்போது வேப்பங்குச்சி இருக்கிறது. அந்த ஒன்றரை வருடத்தால் நான் பதினைந்து வயதிலும் ஏழாம் வகுப்பில் இருக்கிறேன். என் குறும்புகளுக்கு அதுவே காரணம் என்று தலைமை மாஸ்டர் கருதுகிறார். எனக்கும் வேறு நல்ல காரணம் தோன்றாததால் நான் மறுப்பதில்லை.

9. தம்பி நடந்தது இரண்டரை வயதில். பேசியது மூன்று வயதில். பேசத் தொடங்கியவன் அதன் பிறகு நிறுத்தவில்லை. கண் பார்வை ஒரு முழத்துக்கு மேல் போகாது. எதையும் மூக்கருகே கொண்டுபோய்த்தான் பார்ப்பான். ஆட்களைக் காலடிச் சத்தத்தில் அறிவான். படிகளை எண்ணி வைத்துக்கொள்வான். நெஞ்சுச் சளியும் இரைப்பும் கூடவே பிறந்தவை போல் இருக்கின்றன. நமுனுகுல மலையில் மூடுபனி இறங்கும் மாதங்களில் அவன் மூச்சு விடுவது எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா வரை கேட்கும். மாதத்துக்கு ஒரு தடவை பதுளைக்குக் கிளினிக் போக வேண்டும். பஸ் ரோட்டுக்கு மூன்று மைல் அம்மா அவனைச் சுமந்தே நடப்பார். இப்படியே ஆறு வருடம்.

10. கடந்த வருடக் கடைசியில் பனி கடுமையாகி, ஒரு காலை அவன் உதடு நீலமாகிவிட்டது. பிழைத்தது பெரிய காரியம். இந்தப் பிள்ளையை மேட்டுக் குளிரில் வைத்திருக்கக் கூடாது, வெப்பமான தாழ்ந்த இடத்தில் வைத்து வளர்க்க வேண்டும் என்று கிளினிக் டாக்டர் கடிதம் தந்தார். கீழ்க்கணக்கில் மிளகும் கோப்பியும் காய்க்கிற அளவுக்கு வெப்பம் இருக்கிறது. அங்கே மாற்றம் கேட்டு அப்பா கடிதம் எழுதுவித்துக் கொடுத்தார். பதில் வரும் வரை காத்திருக்கத் தம்பியின் நெஞ்சு சம்மதிக்கவில்லை. ஜனவரியில் அப்பா அவனை, குளிர் குறைந்த கொஸ்லந்தையில் உள்ள அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பண்டாரவளையில் ஒரு பஸ், பெரகலையில் ஒரு பஸ் என்று மாறிப் போகும் தூரம். இன்றோடு எட்டு மாதம் ஆகிறது.

11. ஜூன் மாதம் கந்தோரிலிருந்து பதில் வந்தது. அதை மரியாதையுடன் அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "பிறவிப் பலவீனம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கே காம்பரா மாற்றம் வழங்கப்படும். பிறப்பு அட்டையின்படி இப்பிள்ளை மூன்று வாரத்தில் இரு மடங்குக்கு மேல் நிறை கூடியிருப்பதால் பிறவிப் பலவீனம் எதுவும் இருந்ததாகக் கருத இடமில்லை." இதை வாசித்துக் காட்டியபோது அம்மா, "அப்ப என் புள்ள ரொம்ப நல்லா இருக்கான்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 

12. பிழை எங்கே இருக்கிறது என்பது ஆகஸ்ட் விடுமுறையில்தான் தெரிந்தது. அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு நிறுக்கும் மடுவத்துக்குப் போயிருந்தேன். முள் இருபத்தொன்றில் நின்றது. இப்போதைய கணக்கப்பிள்ளை பத்தொன்பது என்று சொல்லி எழுதினார். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "கூடைக்கு ஒண்ணு, மழைத் தண்ணிக்கு ஒண்ணு. எப்பவும் ரெண்டு கழிப்பாங்க" என்றார். அன்று நல்ல வெயில். வானத்தைக் காட்டினேன். "வெயில்லயும் தண்ணிதான், வாய மூடு" என்று சொன்ன அம்மா, இரண்டு அடி நடந்து அப்படியே நின்றுவிட்டார். "அன்னைக்கும் முள்ளு நாலுக்குக் கிட்ட நின்னுச்சுடி. பொம்பளைங்க எல்லாம் பாத்துச் சொன்னாங்க. நான்தான் மயக்கத்துல தப்பாக் கேட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றார். கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

13. நான் அன்றே சிவஞானம் ஐயாவைத் தேடிப் போனேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கடைவீதிக்குப் பின்னால் மகனோடு இருக்கிறார். என்னைக் கண்டதும் ஏதோ குறும்புக்கு வந்திருக்கிறேன் என்று கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டுதான் பேசினார். விடயத்தைச் சொன்னதும் கதவைத் திறந்தார். தம் வலது கையை விரித்துக் காட்டி, "பாப்பா, முப்பது வருசமா கழிச்ச கை இது. அன்னைக்குத் தொங்குனது புள்ளையா கொழுந்தான்னு கை பாக்கல. முள்ளு மூணே முக்கால்ல நின்னுச்சு. வாய் பழக்கத்துல ஒன்னே முக்கால்னு சொல்லிருச்சு" என்றார். பிறகு, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். கொஸ்லந்தையில் இருக்கிறான் என்றேன். "எழுது. நான் கையெழுத்து வைக்கிறேன்" என்றார். அவரைக் குற்றம் சாட்ட இம்மனுவை நான் எழுதவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபமாவது பட்டிருப்பேன்.

14. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தம்பியோடு சேலைத் துண்டும் சேர்ந்தே தொங்கியது. அதே துண்டை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். அதை எடுத்துப்போய் ஸலீம் நானாவின் கடைத் தராசில் வைத்தேன். மூன்று அவுன்ஸ் காட்டியது. சீனி வாங்க வந்தவர்கள் பொறுமையிழந்தார்கள், நானாவும், "புள்ளெ, இதென்ன சேலையெ நிறுத்தா வாங்கப் போறாய்?" என்று கேட்டார். ஆகவே தம்பியின் உண்மையான நிறை மூன்று இறாத்தல் ஒன்பது அவுன்ஸ். அவனுக்குக் கூடை கிடையாது. அவன் நனைந்திருந்தது உண்மை, ஆனால் அதற்கு மழை காரணம் அல்ல. அதுவும் பிறந்தவுடன் அவன் தானாகச் செய்த முதல் வேலை என்பதால் கழிக்கத் தக்கதல்ல. அந்த நிறைப்படி பார்த்தால் மூன்று வாரத்தில் அவனுக்குக் கூடியது வெறும் ஏழு அவுன்ஸ். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. குறைமாதப் பிள்ளை ஒன்று, குறைமாதப் பிள்ளை வளரும் விதமாகவே வளர்ந்தது.

15. தோட்டத்தின் மற்றப் பெண்களுக்கும் தினமும் கழிக்கப்படும் இரண்டு இறாத்தலைப் பற்றி இம்மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை. அதற்கு வேறு மனு எழுத வேண்டும். கையில் உள்ள கடதாசி போதாது.

16. தம்பி இல்லாத வீட்டைப் பற்றி எழுதலாமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். மனுவில் காரியம் மட்டும் இருக்க வேண்டும் என்றார். ஆகவே காரியமாகவே எழுதுகிறேன். அவனுடைய இரைப்புச் சத்தத்தைக் கேட்டுப் பழகியதால் இப்போது எங்கள் காம்பராவில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. மூன்று மணிக்கு அம்மா வேலை விட்டு வந்ததும் அவனுக்கு ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துவிடுகிறார். பிறகு ஞாபகம் வந்து அதில் பாத்திரம் கழுவுகிறார். கொஸ்லந்தைக்குச் சாமான் கொண்டுபோகும் ஸரூக் நானாவின் லொறியில் அத்தை மாதம் ஒரு நூல் கொடுத்தனுப்புகிறார். தம்பியைச் சுவரோடு நிறுத்தி, உச்சி முதல் கால் வரை அளந்து வெட்டிய நூல். கடிதம் வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு அதுதான் கடிதம். எட்டு நூல் வந்திருக்கிறது. முதல் நூலுக்கும் எட்டாம் நூலுக்கும் வித்தியாசம் ஓர் அரிசி நீளம் இருக்கும். அம்மா ஒவ்வொன்றையும் அவன் படுக்கும் பாயில் நீட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிந்து வைக்கிறார். மார்ச் மாதக் குறும்புகூட முழு ருசியாக இல்லை. அதை ஓடிப்போய்ச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் ஊரில் இல்லை.

17. கீழ்க்கணக்கு 2ஆம் லயத்தின் ஓரக் காம்பரா, அங்கிருந்த குடும்பம் ஜூலையில் இந்தியாவுக்குப் போய்விட்டதால் காலியாக இருக்கிறது. அது அக்டோபர் முதலாம் திகதி வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும் என்று கேள்விப்படுகிறோம். அந்தக் காம்பராவையே நாங்கள் கேட்கிறோம். அம்மா கீழ்க்கணக்கில் எந்த மலையிலும் கொழுந்து பறிக்கச் சம்மதிக்கிறார். அப்பா ஸ்டோருக்கு நான்கு மைல் ஏறி வரச் சம்மதிக்கிறார். நான் எதற்கும் சம்மதிக்கிறேன்.

18. கடைசியாக ஒரு விடயத்தைத் தங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசி வாரம் அப்பாவும் நானும் கொஸ்லந்தைக்குப் போயிருந்தோம். திரும்பும் நேரத்தில் தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வூட்டுக்குப் போவமா? நான் இரைக்காம இருக்கேன்" என்றான். சொல்லிவிட்டு, இரைப்பு வெளியே கேட்காதபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் பொய் சொல்லிவிட்டேன். "பெரிய துரை கீழ்க்கணக்குல நமக்கு வூடு குடுத்துட்டாருடா. சாமான் ஏத்துனதும் வந்து ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "எத்தன படி?" என்று கேட்டான். வாயில் வந்தபடி மூன்று என்றேன். மூச்சை விட்டுவிட்டுச் சிரித்தான்.

19. அன்று முதல் அவன் அத்தை வீட்டு முற்றத்தில் மூன்று கல்லை அடுக்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்கப் பழகுகிறான் என்று ஸரூக் நானா வந்து சொன்னார். நான் போன ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கணக்குக்கு நடந்துபோய் அந்தக் காம்பராவைப் பார்த்தேன். அங்கே நான்கு படிகள் இருக்கின்றன. நான்காவது படியைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வந்த அன்றே விழுவான். ஆனால் காம்பரா எங்களுடையது என்று தங்கள் கையால் ஒரு வரி வராமல், அதைப் பற்றி அவனுக்குச் சொல்லியனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே துரை அவர்களே, சிவஞானம் ஐயாவை அழைத்து விசாரித்து, பிறப்பு அட்டையில் உள்ள ஒன்றே முக்காலை அடித்து மூன்று இறாத்தல் ஒன்பது அவுன்ஸ் என்று திருத்தி, அக்டோபர் முதலாம் திகதிக்கு முன் அந்தக் காம்பராவை எங்கள் பெயரில் எழுதித் தரும்படி, எங்கள் நாலு பேர் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன். ஸரூக் நானாவின் லொறி வெள்ளிக்கிழமைகளில் கொஸ்லந்தைக்குப் போகிறது. தங்கள் பதில் வியாழனுக்குள் கிடைத்தால் மறுநாளே அவனுக்குச் சொல்லியனுப்புவேன்: படிகள் நான்கு.

இடம்: குயில்பாறைத் தோட்டம், நமுனுகுல.
திகதி: 10.09.1979

இப்படிக்குத் தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
க. பாக்கியலெட்சுமி

சாட்சிகள்:
சிவஞானம், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை (கையெழுத்து)
ஸலீம், கடைக்காரர், சேலைத் துண்டை நிறுத்தவர் (கையெழுத்து)
ரெங்கம்மா, தாய் (பெருவிரல் அடையாளம்)
கந்தப்பன், தகப்பன் (பெருவிரல் அடையாளம்)

இணைப்பு: பிறப்பு அட்டை, கிளினிக் டாக்டரின் கடிதம். இரண்டையும் பார்த்த பின் திருப்பித் தரவும். எங்களிடம் வேறு பிரதி இல்லை.